யூரியாவும் விளைச்சலும் சேர்ந்து ஏறினால்: ஒட்டுறவு, காரணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வணிகவியல், பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துபவன் நான். மாலை வேளைகளில் வேளாண்மைப் பட்டயம் படிக்கும் பிள்ளைகளும் வந்து உட்காருவதுண்டு. ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறினாலும், ஒட்டுறவுப் பாடம் வந்தவுடன் எழும் ஐயங்கள் மாறுவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதிவைத்து, பதில்களையும் சேர்த்திருக்கிறேன். ஆண்டும் பெயரும் குறித்துச் சொல்லும் செய்திகள் தவிர, வயல் கணக்குகளில் வரும் எண்கள் யாவும் கரும்பலகைக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த ஊரிலும் அளந்தவை அல்ல.

சார், ஒட்டுறவு என்றால் என்ன? சூத்திரம் வேண்டாம், புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

இரண்டு மாறிகளின் மதிப்புகள் ஒன்றையொன்று ஒட்டி மாறுகின்றனவா என்பதைப் பற்றிய பேச்சுதான் ஒட்டுறவு. ஒரே வாய்க்காலில் பாயும் முப்பது வயல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மா என்ற நில அளவுக்கு எத்தனை கிலோ யூரியா போட்டார்கள், எத்தனை மூட்டை கண்டது என்று இரண்டு எண்களைக் குறித்துக்கொள்கிறோம். யூரியா கூடிய வயல்களில் நெல்லும் பெரும்பாலும் கூடியிருந்தால் அது நேர் ஒட்டுறவு. ஒன்று கூடும்போது மற்றது பெரும்பாலும் குறைந்தால் அது எதிர் ஒட்டுறவு. இரண்டு போக்குமே தென்படாவிட்டால் ஒட்டுறவு இல்லை என்கிறோம். முப்பதில் நான்கைந்து வயல்கள் போக்குக்கு மாறாக இருப்பதனால் ஒட்டுறவு பொய்யாகிவிடாது. அதன் வலு குறையும், அவ்வளவுதான்.

இந்த எண்ணத்துக்கு 1888இல் பெயரும் உருவமும் கொடுத்தவர் பிரான்சிஸ் கால்டன். ஒட்டுறவின் வலுவை ஓர் எண்ணாகச் சொல்வது கெழு; நாம் இன்று கணக்கிடும் கெழுவின் சூத்திரத்தை 1896இல் முறைப்படுத்தியவர் கார்ல் பியர்சன்.

பாடப்புத்தகத்தில் ஒட்டுறவு என்று இருக்கிறது, இன்னொரு நூலில் உடன்தொடர்பு என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். தேர்வில் எதை எழுதினாலும் மதிப்பெண் குறையாது. செய்திகளில் வெறுமனே 'தொடர்பு' என்று எழுதும்போதுதான் கவனம் வேண்டும். 'அவருக்கும் அந்தத் திருட்டுக்கும் தொடர்பு உண்டு' என்று பேச்சில் சொல்லும்போது, அவருடைய கை அதில் இருக்கிறது என்றே பொருள்படுகிறது. அதே சொல்லைப் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தவுடன், படிப்பவர் மனத்தில் காரணம் என்ற பொருள் கேட்காமலேயே நுழைந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் ஒட்டுறவு, காரணம் என்ற இரண்டு சொற்களையும் கலக்காமல் எழுத முயன்றிருக்கிறேன்.

கெழுவைக் கையால் ஒரு தடவை போட்டுக் காட்டுவீர்களா?

ஐந்து வயல்களில் மாவுக்குப் போட்ட யூரியா 20, 24, 28, 32, 36 கிலோ என்றும், அதே வரிசையில் விளைச்சல் 9, 11, 12, 12, 11 மூட்டை என்றும் கொள்வோம். யூரியாவின் சராசரி 28. விளைச்சலின் சராசரி 11. சராசரியிலிருந்து யூரியாவின் விலகல்கள் −8, −4, 0, 4, 8. விளைச்சலின் விலகல்கள் −2, 0, 1, 1, 0. இணை இணையாகப் பெருக்கினால் 16, 0, 0, 4, 0, கூட்டுத்தொகை 20. யூரியா விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 160. விளைச்சல் விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 6. இவ்விரண்டின் பெருக்கற்பலன் 960. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 30.98. 20ஐ 30.98 ஆல் வகுத்தால் கெழு ஏறத்தாழ 0.65.

எக்செல் இதை ஒரு நொடியில் போட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்பேன். இந்தக் கணக்கில் வந்த 20க்குள் 16, முதல் வயல் ஒன்றிலிருந்தே வந்தது. அந்த ஒரு வயலை எடுத்துவிட்டு மற்ற நான்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கெழு சுழியமாகிவிடுகிறது. எக்செல் விடையை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது.

0.65 என்றால் 65 சதவீதத் தொடர்பு என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. கெழு −1 முதல் +1 வரை செல்லும் ஓர் எண். அது சதவீதம் அன்று. அதை வர்க்கப்படுத்தினால் கிடைக்கும் 0.42 என்ற எண்ணுக்குத்தான் அப்படி ஒரு விளக்கம் உண்டு: விளைச்சலில் வயலுக்கு வயல் காணப்படும் மாறுபாட்டில் 42 சதவீதம், யூரியாவை வைத்து வரைந்த நேர்கோட்டோடு ஒத்துப்போகிறது. 'யூரியாவினால் வந்தது' என்று எழுதாமல் 'ஒத்துப்போகிறது' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

யூரியாவை முதலில் வைத்தாலும் விளைச்சலை முதலில் வைத்தாலும் கெழு அதே 0.65தான் வரும் என்பது இன்னொரு செய்தி. காரணத்துக்கு முன்பின் உண்டு; கெழுவுக்கு அது கிடையாது. ஆகவே எது எதை உண்டாக்கியது என்பதை இந்த எண்ணுக்குள்ளிருந்து எடுக்கவே வழியில்லை.

அப்படியானால் காரணம் என்று எதைத்தான் சொல்கிறோம்?

மற்றவை எல்லாம் இருந்தபடியே இருக்க, யூரியாவின் அளவை மட்டும் நாமாகக் கைவைத்து மாற்றினால் விளைச்சல் மாறுமா என்று கேட்டுப் பாருங்கள். மாறும் என்றால் யூரியா காரணம். முந்தைய கேள்வியில் வயல்களை நாம் மாற்றவில்லை; அவரவர் போட்டதைப் போட்டபடி பார்த்துக் குறித்துக்கொண்டோம். பார்த்ததிலிருந்து கிடைத்த ஒட்டுறவு, கைவைத்து மாற்றினாலும் அப்படியே நிற்குமா என்பதுதான் முழு வழக்கும்.

இதற்கு நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: அந்த வயலுக்கு அந்த அளவு யூரியா எப்படிப் போய்ச் சேர்ந்தது? கையில் பணம் இருந்தவர் கூடுதலாகப் போட்டாரா? வண்டல் நிலம் வைத்திருப்பவர் குறைத்துப் போட்டாரா? பயிர் வெளுத்துப் போனதைக் கண்டு பயந்து ஒருவர் இரண்டாம் முறை தூவினாரா? யூரியாவின் அளவைத் தீர்மானித்தது எதுவோ, அதுவே விளைச்சலையும் தொட்டிருந்தால் 0.65இல் அதன் பங்கும் கலந்திருக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிடம்தான் திரும்பி வரும்.

காரணமே இல்லாமல் இரண்டு எப்படி ஒட்டி நடக்கும்?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். தற்செயல் ஒரு வழி. அதைவிட அடிக்கடி நடப்பது, இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் ஒன்று பின்னால் நிற்பது. தஞ்சாவூர்ப் பக்கம் மாதவாரியாகக் குடை விற்பனையையும் டெங்குக் காய்ச்சலையும் குறித்துப் பார்த்தால், ஐப்பசி, கார்த்திகையில் இரண்டும் சேர்ந்து ஏறும். குடை கொசுவை வளர்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை குடையையும் விற்கவைக்கிறது. தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் நல்ல நீரைத் தேக்கி ஏடிஸ் கொசுவையும் பெருகவைக்கிறது. குடை விற்பனையைத் தடை செய்தால் ஒரு காய்ச்சல்கூடக் குறையாது.

குடையைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நானே இதில் விழுந்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், மண் பரிசோதனை செய்துகொண்டவர்களின் வயலில் விளைச்சல் தெளிவாகக் கூடியிருப்பதைக் கண்டு, பரிசோதனையின் பலன் என்று ஒரு கட்டுரையே எழுதி, பெருமையோடு பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் வெற்றிலையை மென்றபடி முழுவதும் கேட்டுவிட்டு, "மண்ணு எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போறவன் வயலுக்கு தினம் போறவன்தானே தம்பி" என்றார். அந்த வயல்களுக்கு மண் பரிசோதனை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அதுதான் விடை: அக்கறையுள்ளவர் கையால். களை எடுப்பதும், மடையைப் பார்ப்பதும், புழு விழுந்த அன்றே கண்டுபிடிப்பதும் அதே கை. பரிசோதனையால் பலன் இல்லை என்று இதற்குப் பொருள் அன்று. என் கட்டுரையால் அந்தப் பலனைத் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை.

தவளை கத்தினால் மழை வருகிறதே, அது எந்தக் கணக்கு?

காரணம் இல்லாமலேயே முன்னறிவிப்புக்கு உதவும் ஒட்டுறவு அது. காற்றில் ஈரம் ஏறுவது தவளையையும் கத்தவைக்கிறது. மழைக்கும் முன்னோடியாக வருகிறது. களத்தில் நெல்லைக் காயவைத்திருப்பவர், தவளைச் சத்தம் கேட்டுத் தார்ப்பாய் எடுத்துப் போர்த்தினால் அது அறிவுடைய செயல்தான். மழை வேண்டும் என்பதற்காகத் தவளையைப் பிடித்துக் கத்தவைத்தால்தான் சிக்கல். ஒட்டுறவினால் பயனே இல்லையா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: முன்கூட்டி அறிய மட்டும் வேண்டுமானால் ஒட்டுறவு போதும், மாற்றியமைக்க வேண்டுமானால் காரணம் தெரிய வேண்டும்.

நம் மரபுக்கும் இந்த வேறுபாடு புதிதன்று. புகாரில் தொடங்கும் மணிமேகலையில், சமயவாதிகளின் கூற்றுகளைக் கேட்கும் காதையில், கண்டதை வைத்துக் காணாததை அறியும் கருத்தளவையின் வகைகள் சொல்லப்படுகின்றன. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது ஒரு வகை. கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என்று கூறுவது இன்னொரு வகை. முதலாவதில் காரியத்திலிருந்து காரணத்துக்குப் போகிறோம். இரண்டாவதில் காரணத்திலிருந்து காரியத்துக்கு வருகிறோம். வெள்ளத்துக்கும் மழைக்கும் கெழு போட்டால் இந்தத் திசை வேறுபாடு மறைந்துவிடும்.

கெழு 0.95 வந்துவிட்டது. இவ்வளவு அதிகமாக வந்த பிறகும் சந்தேகமா?

1926இல் உட்னி யூல் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர், 1866 முதல் 1911 வரையிலான இங்கிலாந்துத் தரவுகளை எடுத்துக்கொண்டார். மொத்தத் திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவற்றின் பங்கு ஒரு மாறி. ஆயிரம் பேருக்கு இறப்பு வீதம் மற்றொன்று. கெழு 0.95 வந்தது. திருச்சபைத் திருமணத்தை நிறுத்தினால் சாவு குறையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்தில் இரண்டுமே ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருந்தன. ஒட்டுறவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆண்டுவாரித் தரவை எடுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. கும்பகோணத்தில் ஓடும் இருசக்கர வாகனங்களின் எண்ணிக்கையையும், அதே காலத்தில் வளர்ந்த எதையாவது ஒன்றையும் வைத்துப் பாருங்கள். பெரிய கெழு வரும். ஒரு சின்னச் சோதனை உண்டு. மதிப்புகளுக்குப் பதிலாக, சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எவ்வளவு கூடியது என்ற வேறுபாடுகளை எடுத்து மீண்டும் கெழு போடுங்கள். பொதுப் போக்கினால் மட்டுமே வந்த ஒட்டுறவு பெரும்பாலும் அங்கே கரைந்துவிடும்.

கெழு சுழியம் என்றால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்துவிடலாமா?

முடிக்கக் கூடாது. முன்பு போட்ட கணக்கில் விளைச்சலை மட்டும் 9, 11, 12, 11, 9 என்று மாற்றுங்கள். கெழு சரியாகச் சுழியம். ஆனால் படத்தில் புள்ளிகளைக் குறித்தால் அழகான குன்று ஒன்று தெரியும். யூரியா ஓரளவு வரை விளைச்சலை ஏற்றுகிறது. அதற்கு மேல் பயிர் கொழுத்துச் சாய்கிறது, புகையான் என்ற பூச்சி விழுகிறது, விளைச்சல் இறங்குகிறது. கெழு நேர்கோட்டுப் போக்கை மட்டுமே அளக்கும் என்பதால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. சிதறல் படம் வரையாமல் கெழுவை மட்டும் எழுதிவரும் மாணவருக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. நல்ல ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் ஒருவரின் வயலில், மழைக்கும் விளைச்சலுக்கும் பல ஆண்டுத் தரவை எடுத்தால் ஒட்டுறவே தென்படாமல் போகலாம். பயிருக்கு நீர் தேவையில்லை என்பதா இதற்குப் பொருள்? மழை குறைந்த ஆண்டில் அவர் இரவும் பகலும் பம்புசெட்டை ஓட்டிப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறார். அவருடைய திறமைதான் ஒட்டுறவை அழித்திருக்கிறது. காரணம் இருந்தும் ஒட்டுறவு காணாமல் போவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மிகைகாண் சோதனையில் தேறிவிட்டது சார். இனி காரணம் என்று எழுதலாமா?

அந்தச் சோதனை விடை சொல்லும் கேள்வி வேறு. உண்மையில் ஒட்டுறவே இல்லாத இடத்தில், கூறு எடுத்த தற்செயலால் மட்டும் இவ்வளவு பெரிய கெழு வருவது அரிதா என்பதைத்தான் அது பார்க்கிறது. 5 சதவீத நிலையில், பத்து இணைகள் இருந்தால் கெழு 0.632ஐத் தாண்ட வேண்டும். நூறு இணைகள் இருந்தால் 0.197 போதும். குடையும் டெங்கும் இந்தச் சோதனையில் சிறப்பாகவே தேறும்.

இருபது மாறிகளை வைத்துக்கொண்டு எல்லா இணைகளுக்கும் கெழு போடுபவர்களும் உண்டு. இருபதில் 190 இணைகள் கிடைக்கும். எதற்கும் எதனோடும் உறவில்லாவிட்டாலும், 5 சதவீத நிலையில் ஒன்பது பத்து இணைகள் தாமாகவே 'தேறிவிடும்'. அந்தப் பத்தை மட்டும் ஆய்வேட்டில் எழுதி, மீதி 180ஐ மறைப்பது பிழை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான்.

மருந்து அடித்த வயலில்தான் விளைச்சல் குறைவு என்று எங்கள் கணக்கு சொல்கிறது. மருந்து கெடுதலா?

தரவைப் பிரித்துப் பார்த்த பிறகு சொல்லலாம். மருந்து அடித்த வயல்கள் 100, அடிக்காதவை 100 என்று வைத்துக்கொள்வோம். மாவுக்குப் பத்து மூட்டைக்கு மேல் கண்டால் 'நல்ல வயல்'. அடித்தவற்றில் 58 நல்லவை; அடிக்காதவற்றில் 70 நல்லவை. மருந்து தோற்றது போலத் தெரிகிறது. இப்போது, மருந்து அடிப்பதற்கு முன்பே பூச்சி விழுந்திருந்ததா என்று கேட்டுப் பிரியுங்கள். அடித்த நூறில் 80 வயல்களில் பூச்சி இருந்தது, அவற்றில் 40 நல்லவை. பூச்சி இல்லாத 20இல் 18 நல்லவை. அடிக்காத நூறில் பூச்சி இருந்தவை 20தான், அவற்றில் 6 நல்லவை. பூச்சி இல்லாத 80இல் 64 நல்லவை. பூச்சி விழுந்த வயல்களில் அடித்தோருக்கு 50 சதவீதம், அடிக்காதோருக்கு 30. பூச்சி இல்லாதவற்றில் 90க்கு 80. இரண்டு பிரிவிலும் மருந்தே முன்னிற்க, சேர்த்துப் பார்க்கும்போது பின்னால் போய்விடுகிறது.

எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் விளக்கியதால் இது அவர் பெயரால் சிம்ப்சன் முரண் எனப்படுகிறது. யூல் 1903லேயே இதைச் சுட்டியிருந்தார். 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக முதுநிலைச் சேர்க்கையில் ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தபோது அந்தப் பாகுபாடு பெரும்பாலும் மறைந்தது; இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தனர். நம் கணக்கிலும் அதே கதைதான்: மருந்து அந்த வயலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? பூச்சி அழைத்து வந்தது.

அப்படியானால் கிடைக்கிற எல்லா மாறிகளையும் வைத்துப் பிரித்துவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை, இது நன்றாகப் படிக்கும் மாணவர்கள் விழும் குழி. முந்தைய கணக்கில் 'மருந்து அடிப்பதற்கு முன்பே' என்று எழுதியது வேண்டுமென்றுதான். மருந்து அடித்து இரண்டு வாரம் கழித்து எண்ணிய பூச்சியை வைத்துப் பிரித்தால் கணக்கு கெட்டுவிடும். மருந்து விளைச்சலைக் காப்பதே பூச்சியைக் குறைப்பதன் வழியாகத்தான். அந்த வழியையே சமமாக்கிவிட்டால் மருந்தின் பலன் கண்ணில் படாது. கெடுதலும் அப்படியே மறையும். சில செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் வயலில் உள்ள சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று, புகையானை முன்னிலும் பெருகச் செய்வது நெல் ஆய்வாளர்கள் நன்கறிந்த செய்தி. அங்கே பின்னால் வந்த புகையான் மருந்தின் விளைவு. அதை வைத்துப் பிரித்தால் மருந்து குற்றமற்றது போலத் தோன்றும்.

இன்னொரு குழி, தேர்ந்தெடுத்த கூட்டத்துக்குள் மட்டும் பார்ப்பது. ஒரு கல்லூரி, மதிப்பெண்ணுக்காகச் சிலரையும் கபடிக்காகச் சிலரையும் சேர்க்கிறது என்று கொள்ளுங்கள். ஊரில் படிப்புக்கும் கபடிக்கும் உறவே இல்லாவிட்டாலும், அந்தக் கல்லூரிக்குள் கபடி ஆடுபவர்கள் படிப்பில் பின்தங்கியவர்களாகவே தெரிவார்கள். இரண்டிலும் பின்தங்கியவர்கள் உள்ளேயே வரவில்லையே. ஜோசப் பெர்க்சன் 1946இல் மருத்துவமனை நோயாளிகளை வைத்து இதைக் காட்டினார். எந்த மாறியை வைத்துப் பிரிப்பது என்பதைக் கணினி சொல்லாது. வயலில் எது முன்னால் நடந்தது, எது எதை இழுத்தது என்று தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

என் மகன் காலாண்டுத் தேர்வில் 35. டியூஷன் சேர்த்தேன், அரையாண்டில் 61. இதிலும் சந்தேகப்படுவீர்களா?

மகிழ்ச்சி அடையுங்கள், சந்தேகமும் கொஞ்சம் இருக்கட்டும். அவன் வழக்கமாக 55 வாங்குபவனாக இருந்து, அன்று காய்ச்சலோடு எழுதி 35க்கு இறங்கியிருந்தால், டியூஷன் இல்லாமலேயே அடுத்த தேர்வில் 55 பக்கம் வந்திருப்பான். வழக்கத்தைவிட மிகவும் கீழே போன மதிப்புக்கு அடுத்தது பெரும்பாலும் மேலேதான் இருக்கும். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்துக் கால்டன் 1886இல் எழுதிய 'சராசரியை நோக்கித் திரும்புதல்' இதுதான். டியூஷன் அந்தப் பையனுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது? மதிப்பெண் அடிமட்டத்தில் இருந்த நாளில். நேர்த்திக்கடன்களும் புது உரங்களும் நற்பெயர் பெறுவதில் பாதி இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

மாவட்டச் சராசரிகளில் கண்ட ஒட்டுறவைத் தனி விவசாயிக்குச் சொல்லலாமா?

கூடாது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து வில்லியம் ராபின்சன் 1950இல் காட்டியது இது: வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது, தனிமனிதர்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தோரிடம்தான் எழுத்தறிவின்மை சற்றுக் கூடுதல். வந்தவர்கள் படிப்பறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறியிருந்ததால் குறியே தலைகீழாகிவிட்டது.

சோதனை வயல் போட்டால் மட்டும் எப்படிக் காரணம் தெரிந்துவிடும்?

யூரியா எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அங்கே 'சீட்டுக் குலுக்கிப் போட்டோம்' என்று விடை சொல்ல முடியும். 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் வகுத்த முறை அது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டு தீர்மானிக்கும்போது, வண்டலும் வடிகாலும் உழவரின் அக்கறையும் உர அளவோடு ஒட்டி நடக்க வழியில்லை. மிஞ்சுவது தற்செயல் ஒன்றே, அதன் அளவைக் கணக்கிட முடியும்.

நம் பக்கத்து வயலில் இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமடைப் பாத்திக்கு நீர் முதலில் வரும். கடைமடைக்கு மிஞ்சியது வரும். ஆகவே வாய்க்காலை ஒட்டி வயலைத் தலை, நடு, கடை என்று தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் தனித்தனியே சீட்டுக் குலுக்குவார்கள். பாத்திகளுக்கு நடுவே வரப்பு அகலமாக இல்லாவிட்டால், ஒரு பாத்தியில் போட்ட யூரியா தண்ணீரோடு அடுத்த பாத்திக்குப் போய்விடும் என்பதும் உண்டு. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வயல்களில் தொகுதிகளும் வரப்புகளும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை, வாய்ப்புக் கிடைக்கும் மாணவர்கள் நேரில் பார்த்துவர வேண்டும்.

எல்லாவற்றையும் சோதிக்க முடியாதே. புகைபிடித்தால் புற்றுநோய் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

ஆட்களைப் பிடித்துச் சீட்டுப் போட்டுச் சிகரெட் கொடுக்க முடியாது. 1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நுரையீரல் புற்று நோயாளிகளை மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டனர். 1951இல் சுமார் 40,000 பிரிட்டிஷ் மருத்துவர்களின் பழக்கத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, பிறகு யார் எதனால் இறக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். அப்போது எதிர்த்து எழுதியவர் வேறு யாரும் அல்லர், சீட்டுக் குலுக்கச் சொன்ன ஃபிஷரேதான். அவரும் புகைபிடிப்பவர். பிறவியிலேயே உள்ள ஏதோ ஒரு கூறு புகைக்கும் ஆசையையும் புற்றையும் சேர்த்தே தரலாமே என்று அவர் கேட்டார். மேலே சொன்ன மழை, குடை, டெங்கு வகைக் கேள்வியே அது.

அதற்கு 1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடனிருந்தோரும் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. புகைப்பவர்களுக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்று தரவு காட்டுகிறது. அதை முழுவதும் ஒரு மறைந்த கூறு மட்டுமே விளைவித்திருந்தால், அந்தக் கூறு புகைப்பவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கூறு இருந்தால் அது எவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்காது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது, விட்டவர்களுக்குக் குறைந்தது, பல நாடுகளில், பல முறைகளில் அதுவே வந்தது. இப்படி எடைபோட வேண்டிய ஒன்பது கோணங்களை ஹில் 1965இல் தொகுத்தார். அவற்றில் நிகழ்வுகளின் முன்பின் வரிசை ஒன்றைத்தவிர வேறெதையும் கட்டாய விதியாகக் கொள்ள முடியாது.

மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் குறுவை எவ்வளவு குறையும் என்று தரவை வைத்தே சொல்ல முடியுமா?

எனக்கு வந்த கேள்விகளில் இதுவே மிகக் கடினமானது, ஆனால் வழியுண்டு. வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த நாள் நம் வயலுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையும், அணையின் இருப்பும், பங்கீடும் தீர்மானிக்கின்றன. நீடாமங்கலத்தில் ஓர் உழவருக்கு இருக்கும் அக்கறையோ பணமோ அதைத் தீர்மானிப்பதில்லை. யாரும் சீட்டுப் போடாவிட்டாலும், தனி உழவரைப் பொறுத்தவரை சீட்டுப் போட்டதற்குக் கிட்டத்தட்ட ஒப்பானது.

ஆனால் இரண்டு ஆண்டுகளை நேராக ஒப்பிட்டால், விதை, விலை, வெயில் எல்லாம் சேர்ந்து மாறியிருக்கும். அதற்காக ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பிய வயல்களையும், பம்புசெட் உள்ள வயல்களையும் இரண்டு ஆண்டிலும் பார்க்கிறோம். நடாமல் விட்ட வயலுக்குச் சுழியம் போட்டுக்கொள்கிறோம். சீக்கிரம் திறந்த ஆண்டில் ஆற்று வயல்களின் சராசரி மாவுக்கு 11, பம்புசெட் வயல்களில் 13 என்றும், தாமதமான ஆண்டில் முறையே 6, 12 என்றும் கொள்வோம். ஆற்று வயல்கள் 5 மூட்டை இழந்தன. பம்புசெட் வயல்கள் 1 இழந்தன. அந்த ஒன்றை, அந்த ஆண்டு எல்லாருக்கும் பொதுவாக வந்த கெடுதல் என்று கழித்துவிட்டால், தாமதத்தின் விலை 4 மூட்டை. தாமதம் இல்லாதிருந்தால் இரண்டு வகை வயல்களும் ஒரே அளவு ஏறி இறங்கியிருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்த 4 நிற்கிறது.

அந்த அனுமானத்தை இரண்டு பக்கமிருந்தும் அசைக்கலாம். வாய்க்காலில் நீர் வராத ஆண்டில் நடவு குறைவதால், பம்புசெட் வைத்திருப்பவருக்கு ஆளும் நடவு இயந்திரமும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும். அவர் பருவத்தே நட்டுக் கூடுதலாக எடுத்துவிடுவார். அப்போது நம் 4 உண்மையைவிடப் பெரியது. மறுபுறம், வாய்க்கால் ஓடாவிட்டால் நிலத்தடி நீர் ஊறாமல், ஆழ்குழாய்த் தண்ணீரும் கீழே இறங்கிப் பம்புசெட் வயலும் வாடும். அப்போது நம் 4 உண்மையைவிடச் சிறியது. இவற்றில் எது மேலோங்கியது என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு ஆண்டுகளிலும் ஊர்வாரியாகக் கிணற்று நீர்மட்டமும் நடவுக் கூலியும் வேண்டும். கூலியை யாரும் எழுதிவைப்பதில்லை என்பதால், சென்ற ஆண்டு முதல் என் மாணவர்களை அவரவர் ஊரில் நடவு நாளன்று கேட்டுக் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன்.